தொந்திப் பாறையும் இரண்டு தட்டும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். இந்தத் தொடரைத் தட்டச்சு செய்கிற பெண் போன வாரம் போன் செய்து, "ஏனுங்கண்ணா, களத்துக்குள்ள வந்து தேங்காய் தின்னது குரங்குங்களா, குதிரைங்களா?" என்று கேட்டார். குரங்குதான். அவர் கேட்டிருக்காவிட்டால், காங்கேயம் பக்கம் குதிரைகள் தென்னை மரம் ஏறுகின்றன என்று நீங்கள் நம்பியிருப்பீர்கள்.

இந்த வாரமும் ஏறுகிற விஷயம்தான்.

எனக்கு முன்னால் ஒரு தட்டு நிறைய வாழைப்பழம் இருந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். எனக்கு மைத்துனர் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் இருந்தவர். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை, பச்சைப் புடவையில். அதற்கடுத்து என் அக்கா பாப்பாத்தி, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு.

மூவரும் தரையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. என் பாதங்கள் அவர்கள் தலைக்கு மேலே இருந்தன. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இடுப்பிலும் இரண்டு தொடையிலும் பட்டை மாட்டி, பட்டையிலிருந்து ஒரு நீலக் கயிறு மேலே போக, பாறையின் முன்னால் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். தொங்கியது மட்டுமல்ல, விட்டு விட்டு இறங்கிக்கொண்டும் இருந்தேன். சற்றுத் தள்ளி மேளம் அடித்தார்கள். மேளத்தின் அடிக்கு ஏற்ப நான் ஒரு முழம் இறங்குவதும் நிற்பதுமாக இருந்தேன். பார்த்தவர்களுக்கு நான் ஆடிக்கொண்டு வருவதாகவே பட்டிருக்கும்.

பெண் பார்க்கும் நாளில் மாப்பிள்ளை இப்படி வருவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை.

நாலாவது ஜாதகம்

என் வயது அப்போது நாற்பத்தாறு. எங்கள் ஊரில் கல்யாணமாகாத ஆண்களை வைத்து ஒரு கபடி அணி அமைக்கலாம். மாற்று ஆட்டக்காரர்களும் மிஞ்சுவார்கள். அவர்களுக்கெல்லாம் தோட்டம் இல்லை, வேலை இல்லை, ராகு சரியில்லை என்று ஏதாவது காரணம் உண்டு. என் காரணம் எளிமையானது. எதிரே ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. பெண் என்றால் சுத்தமாக வராது.

முதல் பெண் வீட்டில் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்தேன். இரண்டாவது வீட்டில் பெண்ணின் அப்பா அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மணி, மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமுங்களா?"

"வருமுங்க. இன்னைக்குக் காத்தாலகூடப் பேசுனான்."

மூன்றாவது வீட்டில் என்ன நடந்தது என்பதை அக்கா இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

நாலாவதாக வந்ததுதான் கோபி ஜாதகம். பெண் பெயர் சிவகாமி, வயது நாற்பத்தொன்று. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, தையல் பிரிந்தது, கறை எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. என்னை ஒதுக்க அவருக்கு வெளிச்சம்கூடத் தேவைப்படாது.

"இதுதான் கடைசிடா ஆறுமுகம்," என்றாள் அக்கா. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி நான் யாரூட்டுப் படியும் ஏற மாட்டேன். நீ கொப்பரையைக் கட்டிக்கிட்டு இரு."

ஆடு ஏறும் படி

அக்கா கொப்பரையைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் வேலை செய்வது தேங்காய்க் களத்தில். தேங்காயை உடைத்து, வெயிலில் பரப்பி, காய்ந்த கொப்பரையை எண்ணெய் மில்லுக்கு அனுப்புவோம். எங்கள் களத்தில் நுழைந்தாலே கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் சிக்கும் கலந்த வாசம் மூக்கில் ஒட்டிக்கொள்ளும். ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

களத்தை ஒட்டித் தொந்திப் பாறை. நடுவில் வயிறு தள்ளியிருப்பதால் அந்தப் பெயர். அடியில் நின்று அண்ணாந்தால் வயிறு மட்டும்தான் தெரியும். அதற்கு மேலே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. களத்து நடுவுக்கு வந்து பார்த்தால்தான் முழுப் பாறையும் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கல்யாணமே இதை நம்பித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர் ஒரு நீலக் காரில் வருவார்கள். யாழினி கம்ப்யூட்டர் வேலை. கௌதம் பல் டாக்டர். ஆல்பர்ட்டின் அப்பா பம்பு மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். ஆல்பர்ட் அதை ஒருநாள் எடுத்து நடத்துவார் என்று அவர் அப்பா இன்னும் நம்புகிறார். மூவரும் பாறை ஏறுகிறவர்கள். அதோடு பாட்டுக் குழுவும் நடத்துகிறார்கள். யாழினி பாடுவார், மற்ற இருவரும் கிட்டார். குழுவின் பெயர் 'செங்குத்து'.

வந்த முதல் நாள் மூவரும் பாறையை மாட்டைத் தடவுவது மாதிரித் தடவிக்கொண்டிருந்தார்கள். பால் சொசைட்டிக் குப்பண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நல்ல மனிதர். அடுத்தவர் கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு போகமாட்டார்.

"ஏங்கண்ணு, அக்கட்டால படி இருக்குதுங்க."

"தெரியுமுங்க," என்றார் கௌதம், பாதி உயரத்திலிருந்து. "நாங்க இப்படித்தான் ஏறுவோம்."

"அந்தப் படியில ஆடே ஏறுதுங்களே."

"அதனாலதானுங்க."

குப்பண்ணன் யோசித்தார். அதற்குள் கௌதம் கைநழுவி, கயிற்றில் ஊஞ்சலாடி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"வேண்டுதலுங்களா?" என்றார் குப்பண்ணன், குரலைத் தாழ்த்தி.

கௌதமுக்கு மூச்சு வாங்கியது. "அப்படியும் வெச்சுக்கலாமுங்க."

அவர் செய்த தவறு அதுதான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் செய்தி பரவிவிட்டது. படித்த பிள்ளைகள், பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ, நல்ல வழி இருந்தும் செங்குத்தாக ஏறி விழுந்து எழுகிறார்கள். அவர்கள் இடுப்புப் பையில் வெள்ளைப் பொடி வைத்திருப்பார்கள். வியர்வைக்குத் தொட்டுக்கொள்கிற பொடி. ஏறுவதற்கு முன்னால் அதில் கைவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அது திருநீறாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அடுத்த ஞாயிறு நாலைந்து பெண்கள் வந்து கையை ஏந்தி நின்றார்கள். யாழினி ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஆளுக்கொரு சிட்டிகை கொடுத்தார். ஒரு அம்மணிக்கு அந்த வாரமே தலைவலி நின்றுவிட்டது.

விரல் நுனிப் பஞ்சாயத்து

பாறைக்கும் பாட்டுக்கும் ஆகாது என்பதை நான் அவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கிட்டார் வாசிக்க விரல் நுனி காய்த்திருக்க வேண்டும். பாறையில் அந்தக் காய்ப்புதான் முதலில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் கௌதம் சனிக்கிழமை உப்புத்தாளை எடுத்து விரல் நுனியைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டு வருவார். ஞாயிறு காலை பாறை நன்றாக ஏறுவார். மத்தியானம் எங்கள் குடோனில் உட்கார்ந்து கிட்டாரைத் தொட்டால், கம்பிக்கு ஒரு 'ஆ' வரும். கோயம்புத்தூரில் அதைக் கேட்டவர்கள் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஆல்பர்ட் கொப்பரை மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து ஓய்வெடுப்பார். கையெல்லாம் எண்ணெய். அதோடு பொடியைத் தொட்டுப் பிசைந்துகொண்டு ஏறுவார். ஏறிய வேகத்திலேயே திரும்பி வருவார்.

"ஒண்ணு பாறையை உடுங்க, இல்ல பாட்டை உடுங்க," என்றார் யாழினி ஒருநாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் யாழு. ரெண்டுமே தேடல்," என்றார் கௌதம்.

"பல்லு?"

"அது சாப்பாட்டுக்கு."

அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர் பெங்களூருக்கு மாறிப் போயிருந்தார். அங்கே பாறை நன்றாக இருக்கிறதாம். எங்கள் ஊர் ஜமாப் மேளக் குழுவில் நான் பெரிய மேளம் அடிப்பவன். அந்த மேளத்தை நான் எடுத்ததே அது ஆளை மறைக்கும் என்பதற்காகத்தான். யாழினி அதைக் கேட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டார். முடியாது என்று சொல்ல வேண்டுமானால் வாய் திறக்க வேண்டுமே. அதனால் சேர்ந்துவிட்டேன்.

கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையில் அவர்களோடு ஒருமுறை வாசித்தேன். எனக்குக் கறுப்பு பனியன் கொடுத்தார்கள். வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. பாறையில் இருக்கிற ஒரு விரிசலைப் பற்றிய பாட்டு. 'விரிசலே, விரிசலே, விரல் போதுமே' என்ற வரி திரும்பத் திரும்ப வரும். பாட்டைவிட, பாட்டுக்கு முன்னால் யாழினி பேசியது நீளம். அதில் என்னைக் காட்டி, "இவர் மண்ணிலிருந்து வந்த கலைஞர்" என்றார். நான் காங்கேயத்திலிருந்து பஸ்ஸில்தான் வந்திருந்தேன்.

ஒன்று என்றால் நிறுத்து

பாறையில் எனக்குக் கொடுத்த வேலை வேறு. அந்தக் கயிறு கிணற்று ராட்டினக் கயிறு மாதிரி. உச்சியில் இருக்கிற வளையத்தில் போய்த் திரும்பும். ஒரு முனை ஏறுகிறவர் இடுப்பில், மறுமுனை கீழே பிடிப்பவர் கையில். தொந்தி மறைப்பதால் பிடிப்பவருக்கு மேலே இருப்பவர் தெரியாது. அதனால் மூன்றாவது ஆள் களத்து நடுவில் நின்று பார்த்து, "நிறுத்து", "இறக்கு" என்று கத்த வேண்டும்.

"அண்ணா, நீங்க களத்துலதான இருக்கீங்க, நீங்க சொல்லுங்க," என்றார் ஆல்பர்ட்.

கத்துவதா, நானா? பெண்கள் கொப்பரை திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிற களத்தில்? அடுத்த வாரம் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன். ஒரு தட்டு, நிறுத்து. இரண்டு தட்டு, இறக்கு. மூவருக்கும் மிகவும் பிடித்துப்போனது. இயற்கையோடு பேசுகிற மொழி என்றார் யாழினி. நான் மனிதரோடு பேச முடியாமல் செய்தது அது. மாசி முடிவதற்குள் அவர்களுக்கு அது ஊறிவிட்டது. மேளம் இரண்டு தட்டினால் கீழே பிடிப்பவர் கை தானாகக் கயிற்றைத் தளர்த்தும். யோசனையே கிடையாது.

நீட்டிய கைகள்

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா, சாட்டினார்கள். கோயில் முன்னால் கம்பம் நட்ட அன்று பூசாரி காப்புக் கட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு. பாட்டுக் கச்சேரிகளுக்கு நுழைவு அடையாளமாக மணிக்கட்டில் பட்டை மாட்டுவார்களாம். அப்படிப் பழைய பட்டை ஏழெட்டு கோயம்புத்தூர் மூவர் கையிலேயே கிடக்கும், கழற்றமாட்டார்கள். பூசாரியைப் பார்த்ததும் வரிசையில் நின்று கையை நீட்டிவிட்டார்கள். முதலில் நீட்டியது ஆல்பர்ட்.

"உங்கூட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா கண்ணு?" என்றார் குப்பண்ணன்.

"பேண்டுக்காரங்க கட்டறதுன்னு சொல்லிக்குவேனுங்க."

கட்டி முடித்தபின் குப்பண்ணன் மீதியைச் சொன்னார். கம்பம் பிடுங்கும்வரை ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது. கறி ஆகாது. காலில் செருப்பு ஆகாது.

"பாறை ஏறுற ஷூ?" என்றார் கௌதம்.

"அது செருப்பில்லீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பைக் கழற்றிவிடலாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. வேண்டுதலுக்கு வந்த பிள்ளைகள் என்று ஊரே நம்புகிறது. இப்படியாக ஒரு கம்ப்யூட்டர், ஒரு பல், ஒரு பம்பு மோட்டார் எங்கள் குடோனில் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே பாய் போட்டன. பகலில் யாழினி வேப்ப மரத்தடியில் மடிமேல் கம்ப்யூட்டரை வைத்து, முதுகுக்குப் பின்னால் மாடு தெரியாதபடி உட்கார்ந்து, வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவார். கௌதம் ஊர்ப் பல்லையெல்லாம் பார்த்தார். அந்தப் புண்ணியம் அவருக்கு உண்டு.

நானும் காப்புக் கட்டியிருந்தேன். அக்கா கோபிக்குப் பெண் பார்க்கப் போகலாம் என்றபோது மணிக்கட்டைக் காட்டினேன். பகலில் போய்ப் பகலில் திரும்பலாம். அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் சாமி விஷயத்தில் தம்பி இவ்வளவு கண்டிப்பாக இருப்பதைப் பார்த்து அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

கோபியிலிருந்து போன் வந்தது. நோம்பி சமயத்தில் கல்யாணப் பேச்சு ஆகாது, அது சரிதான். ஆனால் நோம்பி பார்க்க வரலாமே. நோம்பிக்கு வருகிற இடத்தில் மாப்பிள்ளை கண்ணில் பட்டால் அது யார் தப்பு? மாவிளக்கு அன்று மத்தியானம் அண்ணனும் தங்கையும் நோம்பி பார்க்க வருகிறார்களாம். கையில் வாழைப்பழத் தட்டோடு.

மலை கூப்பிடலீங்க

அவர்கள் பஸ் இறங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஒளிய இடம் தேடினேன். கிணற்று மேடு, மாட்டுக் கொட்டகை, குடோன் எல்லாம் அக்காவுக்குத் தெரிந்த இடங்கள். தெரியாத இடம் ஒன்றுதான் இருந்தது. தொந்திக்கு மேலே.

பாறை அடியில் ஆல்பர்ட்டும் கௌதமும் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் நின்று மேலே கை காட்டினேன்.

ஆல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த நிமிஷத்துக்குத்தாங்கண்ணா காத்துட்டிருந்தோம். மலை உங்களைக் கூப்பிட்டிருச்சு."

"மலை கூப்பிடலீங்க," என்றேன், பாறையைப் பார்த்துக்கொண்டே. "அக்கா கூப்புடுது. சீக்கிரம் இழுங்க."

நான் ஏறினேன் என்று எழுத ஆசை. ஏறவில்லை. இழுக்கப்பட்டேன். கொப்பரை மூட்டை லாரிக்குப் போவது மாதிரி இரண்டு பேர் தம் கட்டி இழுத்தார்கள். முட்டி தேய்ந்தது, காது தேய்ந்தது. தொந்தியைத் தாண்டிப் போய்ப் பாறையோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு தொங்கினேன். வெயிலில் பாறை தோசைக்கல் மாதிரி இருந்தது. வவ்வால் புழுக்கை வாசம். ஆனால் யாருக்கும் தெரியமாட்டேன். களத்து நடுவில் மட்டும் யாரும் வராமல் இருந்தால் போதும்.

களத்து நடுவில்தான் வந்தார்கள். தம்பி வேலை செய்கிற இடத்தைக் காட்டுகிறேன் என்று அக்கா அவர்களை நேராக அங்கேதான் கூட்டி வந்தாள்.

அதே நேரம் மாவிளக்கு ஊர்வலம் களத்தை ஒட்டிய வழியில் திரும்பியது. யாழினி தலையில் மாவிளக்குத் தட்டோடு பெண்களுக்கு நடுவில் நடந்து வந்தார். முன்னால் ஜமாப். நான் காணாமல் போனதால் என் பெரிய மேளத்தை வேறொருவர் மாட்டியிருந்தார். திருப்பத்தில் நின்று புது அடி எடுக்கும்போது, எங்கள் குழுவில் பெரிய மேளம் முதலில் இரண்டு தட்டுத் தட்டும். அது எப்போதும் உள்ள வழக்கம்.

தட்டியது.

அடியில் ஆல்பர்ட்டின் கை தானாகத் தளர்ந்தது. நான் ஒரு முழம் இறங்கினேன். "வேண்டாமுங்க" என்று சொல்லத்தான் நினைத்தேன். அடுத்து ஒரு தட்டு, நின்றேன். இரண்டு தட்டு, இறங்கினேன். பிறகு ஜமாப் சூடு பிடித்துவிட்டது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. ஆல்பர்ட் நல்ல பிள்ளை, ஒரு தட்டைக்கூட விடவில்லை. தொந்தியைத் தாண்டி, வேட்டி ஒருபக்கம், நான் ஒருபக்கமாக, தாளம் பிசகாமல், அதற்குள் பாறை அடிக்கே வந்துவிட்ட வாழைப்பழத் தட்டுக்கு நேர் மேலே வந்து நின்றேன்.

முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

தொந்திக்கு மேலே

மேளம் ஊர்வலத்தோடு கோயில் பக்கம் போய்விட்டது. யாழினி மாவிளக்கைப் பக்கத்திலிருந்தவர் தலைக்கு மாற்றிவிட்டு ஓடி வந்தார். என்னைத் தரையில் இறக்கிப் பட்டையைக் கழற்றினார்கள். வழக்கம்போல நான் தரையைப் பார்த்தேன்.

"நோம்பி பாக்கத்தான் வந்தோமுங்க," என்றார் அண்ணன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல். "மாப்பிள்ளை வந்து... நல்லா இருக்கீங்களா?"

நான் வேட்டியில் ஒட்டிய பாறைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. கடைசி ஜாதகம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அண்ணன் வாழைப்பழத் தட்டைக் கை மாற்றிக்கொண்டார். திரும்பிப் போகிறவர்கள்தான் அப்படி மாற்றிக்கொள்வார்கள். எனக்கு அதில் அனுபவம் உண்டு.

"ஏனுங்க," என்று ஒரு குரல் கேட்டது. சிவகாமி. என்னிடம் பேசவில்லை, யாழினியிடம். "இதுல நானும் ஏறலாமுங்களா?"

"உனக்கென்ன கிறுக்கா அம்மணி?" என்றார் அண்ணன்.

"ஏன், புளியமரத்துல ஏறுனவதான நான். ஊட்டுல உக்காந்து பேசுனா ஊரே கேட்டுட்டு நிக்குது. அங்க மேல யாரும் இருக்க மாட்டாங்க."

யாழினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடோனுக்குள் கூட்டிப்போய்த் தன் கால்சட்டை ஒன்றைப் புடவைக்குள் மாட்டிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகி, பட்டையைக் கட்டிக் கூட்டி வந்தார். ஆல்பர்ட் கயிற்றை எடுத்தார்.

"நீங்க வேண்டாமுங்க," என்றார் சிவகாமி. "அவரு புடிக்கட்டும்."

"அவருக்குப் பழக்கமில்லீங்க."

"அதுக்குத்தான் சொல்றேன்."

கயிறு என் கைக்கு வந்தது. எனக்குப் பின்னால் கயிற்றின் வாலைக் கௌதம் காவலுக்குப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மாரியம்மனைக் கூப்பிட்டார். சிவகாமி செருப்பைக் கழற்றிவிட்டு, யாழினி காட்டிய இடங்களில் காலை வைத்து, புளியமரம் ஏறுகிறவர் ஏறுகிற மாதிரியே ஏறினார். தொந்தியில் இரண்டு தரம் வழுக்கினார். மூன்றாம் தரம் பச்சைப் புடவை வயிற்றுக்கு மேலே மறைந்துவிட்டது.

எனக்கு முன்னால் பாறையும் கயிறும் மட்டும்தான். தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அம்மன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பாறையை ஒட்டி நின்ற எனக்கு மட்டும் மேலேயிருந்து குரல் வழிந்து வந்தது.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

என் கை மேளத்தைத் தேடியது. மேளம் கோயிலில் இருந்தது. இருந்திருந்தாலும் பயனில்லை. இரண்டு கையும் கயிற்றில் இருந்தன. ஒன்றை எடுத்தால் என்ன ஆகுமோ என்று எனக்குத் தெரியாது.

"கேக்குதுங்க," என்றேன். என் குரல்தான் அது. எனக்கே புதிதாக இருந்தது.

"இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் வேலையை உடோணும்னாங்க. நான் உட மாட்டேனுங்க."

"உட வேண்டாமுங்க. கோபியிலிருந்து போறதை விட இங்கிருந்து திருப்பூர் கிட்டக்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கறதுக்குக் கை ஒழியலீங்க."

கயிறு நடுங்கியது. பயந்துவிட்டேன். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"உங்களுக்குப் பேச்சே வராதுன்னாங்க."

"எதுத்தாப்புல ஆளு நின்னா வராதுங்க."

"வேலை முடிஞ்சு நான் வர இருட்டிப்போகும். அப்பறம் அடுப்புப் பத்த வெக்க என்னால ஆகாது. அதுக்கு என்ன சொல்றீங்க? அண்ணங்கிட்டச் சொல்லியனுப்பாம நேரா எங்கிட்டச் சொல்லுங்க. சம்மதமா, இல்லீங்களா?"

பாட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து நான் வாய் திறந்த அதே நொடியில், மைக் செட்டுக்காரர் பாட்டை நிறுத்தினார். வழியை மறித்து நிற்கும் நீலக் கலர் காரை எடுக்கச் சொல்லி அறிவிப்பதற்காக.

"எனக்குச் சம்மதமுங்க. நீங்க வேலைக்குப் போயிட்டு வாங்க. சோத்தை நான் ஆக்கி வெக்கறேன்."

கோயில்வரைக்கும் கேட்டதாம். மாவிளக்கு ஊர்வலம் நின்றுவிட்டதாம். மைக் செட்டுக்காரர் காரை மறந்துவிட்டு, மைக்கில், "ஆறுமுகமா அது?" என்று கேட்டார். அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

குப்பண்ணன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். தொங்குகிற கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையெடுத்துப் பாறையைக் கும்பிட்டார்.

"நான் அப்பவே சொன்னனுங்களே. வேண்டுதல் பலிச்சுப்போச்சு."

இதன் விளைவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு முதல் எங்கள் கபடி அணி முழுவதும் பாறை அடியில் வரிசையில் நின்றது. தாராபுரத்திலிருந்துகூட ஆள் வந்தார்கள். யாழினி, இது உடற்பயிற்சி, மன அமைதி என்றெல்லாம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, சிட்டிகை பொடிக்குக் கை நீட்டினார்கள். 'செங்குத்து' குழுவுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற இடமே கிடைப்பதில்லை. அதனால் பாட்டு கொஞ்சம் தேறியிருக்கிறது. கௌதமின் விரல் காய்த்துவிட்டது.

அன்றைக்குத் திரும்புகிறேன். கத்திவிட்டு, மேலேயிருந்து வரும் பதிலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. அண்ணன் தட்டை எந்தக் கையில் வைத்திருந்தார் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. என்னைக் கீழே வரவழைத்த மேளத் தட்டின் கணக்கைச் சிவகாமி நின்று கேட்டு வைத்திருந்தார் என்பதும், கேட்டதை வீணாக்குகிறவர் அல்ல என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பாறையில் உள்ளங்கை படுகிற சத்தம் வந்தது. கூடவே வளையல் சத்தம். இரண்டு தட்டு.

மெதுவாக, குலுக்காமல் இறக்கினேன்.

எழுதி முடித்தது ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சோறு வெந்துகொண்டிருக்கும்போது, திருப்பூர் பஸ் வருவதற்குச் சற்று முன்பு.